மார்புச் சத்திரசிகிச்சைக்குப் பின்: புண் ஆறும் காலமும் இல்லத்தார் கடமையும்

நோய் வந்துற்றபோது அஞ்சுவதும், அது நீங்கியது என்று கேட்டவுடன் அயர்ந்துவிடுவதும் மனித இயல்பு. மார்பகப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு ஒரு தாய் வீடு திரும்பும் நாளில், "கண்டம் கழிந்தது" என்று உற்றாரும் அயலாரும் மகிழ்கின்றனர். கோயிலுக்கு நேர்ந்த கடனைத் தீர்க்கின்றனர். அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும், கத்தி பட்ட இடம் ஆறுவதற்கு இன்னும் சில வாரங்கள் வேண்டும். அந்தச் சில வாரங்களில் நேரக்கூடிய இரண்டு தொல்லைகளைப் பற்றி நம்மவர் வாய்திறந்து பேசுவதில்லை. ஒன்று, தைத்த தோலின் அடியில் நீர் தேங்குதல். மற்றொன்று, அவ்விடத்திற் கிருமி புகுந்து சீழ்கொள்ளுதல்.

முன்னையது பெரும்பாலும் தீங்கற்றது. பின்னையதோ, காலத்தாற் கவனியாவிடின் உயிருக்கே உலை வைக்க வல்லது. முன்னையதை அஞ்சி மறைப்பதனாற் பின்னையது கவனிப்பாரின்றி வளர இடமுண்டாகின்றது. ஆகவே, எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று ஒவ்வொரு குடும்பமும் தெரிந்திருத்தல் அவசியம்.

இலங்கைப் பெண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது மார்பகப் புற்றுநோயே. பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று இதுவாகும். சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. இறக்குவானை, பலாங்கொடை, பெல்மதுளை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை ஆகிய பகுதிகளின் தேயிலை மலைகளிலும் இறப்பர்க் காடுகளிலும் உழைக்கும் தாய்மார், இரத்தினபுரி அல்லது கேகாலைப் பெரிய ஆஸ்பத்திரியிலோ, மஹரகமையிலுள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையிலோ சிகிச்சை பெறுகின்றனர். இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பெருந்தெருவிலேயே மஹரகமை அமைந்திருக்கின்றது. ஆயினும், மலையுச்சியிலுள்ள லயத்திலிருந்து அத்தெருவுக்கு இறங்கி வருவதே அரைநாட் பயணம். ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்கள் சில. புண் ஆறும் நாட்களோ பல. அந்நாட்களைப் பெரும்பாலும் லயத்து வீட்டிலேதான் கழிக்க வேண்டும்.

நீர் ஏன் தேங்குகின்றது?

மார்பகத்தை அகற்றும்போது, தோலுக்கும் அதன் அடியிலுள்ள தசைக்கும் இடையே இருந்த திசுக்கள் நீக்கப்படுகின்றன. நோய் பரவியிருக்குமோ என்று அறியவும் நீக்கவும், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுப்பதுண்டு. இதனால் தோலின் அடியில் ஒரு வெற்றிடம் உண்டாகின்றது. அறுபட்ட நுண்ணிய நிணநீர்க் குழாய்களும் காயப்பட்ட திசுக்களும் தெளிந்த நீரைக் கசிய விடுகின்றன. மரத்தைப் பெயர்த்தெடுத்த குழியில் ஊற்றுநீர் கசிந்து நிற்பதைப்போல, அந்நீர் வெற்றிடத்திற் சேர்கின்றது. வைத்தியர் இதனைச் 'சீரோமா' என்று அழைப்பர்.

இது சீழன்று, நோய் மீண்டும் வந்ததற்கு அடையாளமும் அன்று, வைத்தியர் தவறிழைத்தார் என்பதற்குச் சான்றும் அன்று. மார்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் மிக அதிகமாகக் காணப்படும் தொல்லை இதுவே. கட்டியை மாத்திரம் அகற்றியவர்களிலும் மார்பகம் முழுவதையும் அகற்றியவர்களுக்கும், சில கணுக்களை மாத்திரம் எடுத்தவர்களிலும் அக்குட் கணுக்கள் பலவற்றை எடுத்தவர்களுக்கும் இது கூடுதலாக ஏற்படுகின்றது. உடற்பருமன் மிகுந்தோருக்கும் இது நேர இடமுண்டு. "நான் என்ன பாவம் செய்தேன்?" என்று தாயார் வருந்துவதற்கு இதில் யாதொன்றும் இல்லை.

லிஸ்டர் தமக்கைக்குச் செய்த சிகிச்சை

1867ஆம் ஆண்டை நாம் நன்கு அறிவோம். இலங்கையின் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டது அவ்வாண்டிலேதான். அதே 1867இல், ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், நம் கட்டுரைப்பொருளோடு நேரே தொடர்புடைய சம்பவம் ஒன்று நிகழ்ந்தது.

அந்நாளில் சத்திரசிகிச்சை என்றால் பாதி மரணம் என்பதே பொருள். மயக்க மருந்து 1846ஆம் ஆண்டிலேயே வழக்குக்கு வந்துவிட்டது. ஆயினும், வலியின்றி அறுக்கப்பட்ட புண்கள் பின்னர் சீழ்பிடித்தன. நோயாளர் காய்ச்சல் கண்டு இறந்தனர். கெட்டியான வெண்சீழ் வடிவது புண் ஆறுவதற்கு அறிகுறி என்று வைத்தியர்களே நம்பி, அதற்கு 'நல்ல சீழ்' என்று பெயருமிட்டிருந்தனர். புளித்தலுக்கும் அழுகலுக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே காரணம் என்று லூயி பாஸ்டர் காட்டியதைப் படித்த ஜோசப் லிஸ்டர், புண்ணிற் சீழ்பிடிப்பதற்கும் அவையே காரணமாதல் வேண்டும் என்று துணிந்தார். 1865ஆம் ஆண்டு, கால் முறிந்த ஒரு சிறுவனின் திறந்த காயத்துக்குக் காபோலிக் அமிலம் தோய்த்த துணியிட்டுக் குணப்படுத்தினார்.

இந்நிலையில் அவருடைய தமக்கை இசபெல்லா, மார்பிற் கட்டியோடு அவரை நாடி வந்தார். பிற வைத்தியர்கள் தயங்கிய அச்சிகிச்சையை, 1867 ஜூன் மாதத்தில், தமது இல்லத்திலேயே லிஸ்டர் செய்தார். கருவிகளையும் புண்ணையும் காபோலிக் அமிலத்தினால் தூய்மை செய்தார். புண் சீழ்பிடிக்காமல் ஆறியது. இசபெல்லா மேலும் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னர் புற்றுநோய் வேறிடத்தில் தோன்றி அவர் உயிரைக் கவர்ந்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? புற்றுநோய் வேறு, புண்ணிற் புகும் கிருமி வேறு. முன்னையதை முற்றாக வெல்ல லிஸ்டருக்கு அன்று வழியில்லை. பின்னையதைத் தடுக்க அவரால் இயன்றது. இன்று முன்னையதற்குக் கதிர்ச் சிகிச்சையும், மருந்தேற்றும் சிகிச்சையும், ஹோர்மோன் மாத்திரைகளும் உண்டு. அவை உரிய நாளில் தொடங்குவதற்குப் புண் சீழ்பிடிக்காமல் ஆறியிருத்தல் வேண்டும். புண்ணிற் கிருமி இருக்கையில் மருந்தேற்றும் சிகிச்சையை வைத்தியர் ஒத்திவைப்பர். ஆகவே, புண்ணைப் பேணுதல் என்பது புற்றுநோய்ச் சிகிச்சையிலிருந்து பிரிக்க முடியாத ஒரு பகுதியாகும்.

ஒன்று கூறவேண்டும். லிஸ்டர் கையாண்ட காபோலிக் அமிலத்தை இன்று ஒருவரும் புண்ணில் ஊற்றுவதில்லை. அது நல்ல திசுவையும் எரிக்கும். இக்காலத்துக் கிருமிநாசினிப் போத்தல்களுக்கும் இது பொருந்தும். வைத்தியர் கூறாத எதனையும் தையலின் மேல் ஊற்றலாகாது.

வடிகுழாயும் போத்தலும்

சத்திரசிகிச்சை முடியும்போது, தேங்கும் நீர் வெளியேறுவதற்கு மெல்லிய வடிகுழாய் ஒன்றையோ இரண்டையோ வைத்து, அதன் நுனியில் ஒரு போத்தலை இணைப்பதுண்டு. சிலர் அப்போத்தலோடே வீட்டுக்கு அனுப்பப்படுவர். போத்தலைக் கண்டு குழந்தைகள் அஞ்சுவர்; அயலார் வினவுவர். அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

முதல் ஓரிரு நாட்களில் வரும் நீர் கடுஞ்சாயம்போலச் சிவந்திருக்கும். நாளடைவில் வெளிறிய தேநீரைப்போலாகி, ஈற்றில் வைக்கோல் நிறம் அடையும். அளவும் நாளுக்கு நாள் குறைந்து வரும். இருபத்துநான்கு மணி நேரத்தில் வடியும் நீர் ஏறத்தாழ 30 மில்லிலீற்றருக்குக் குறைந்த பின்னர் குழாயை எடுத்துவிடுவது பல ஆஸ்பத்திரிகளின் வழக்கம். சில இடங்களில் குறித்த நாட்கள் கழிந்தபின் எடுப்பர். ஆகவே, நாள்தோறும் ஒரே நேரத்தில் அளவைக் குறித்துவைத்தல் வேண்டும். காலையிலும் பகலிலும் மாலையிலும் கொழுந்தை நிறுத்து, கணக்குப்பிள்ளை எழுதும் இறாத்தலும் கிலோவும் சரிதானா என்று கண்ணால் அளக்கும் தோட்டத்துத் தாய்க்கு இது கடினமான கணக்கன்று.

போத்தலைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுக. போத்தல் எப்பொழுதும் புண்ணின் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். குழாய் மடிபடாமலும் இழுபடாமலும் பார்த்துக்கொள்க. வைக்கோல் நிறமாகி வந்த நீர் திடீரெனச் சிவந்த இரத்தமாக மாறினாலோ, போத்தல் விரைவாக நிரம்பினாலோ, நீர் வடிவது சட்டென நின்று மார்பு வீங்கினாலோ, குழாய் தானே வெளியே வந்துவிட்டாலோ, தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்க. வெளியே வந்த குழாயை மீண்டும் உள்ளே செலுத்த ஒருவரும் முயலக்கூடாது.

ஊசியால் நீர் வாங்குதல்

குழாயை எடுத்த பின்னரே பலருக்கு நீர் தேங்குகின்றது. மார்பின் தோலின் கீழோ அக்குளிலோ மெத்தென்ற வீக்கம் தோன்றும். அசையும்போது உள்ளே நீர் தளும்புவதுபோலிருக்கும். தோல் இறுகி இழுப்பதுபோலிருக்கும். காய்ச்சல் இராது, சிவப்பு இராது. கிளினிக்கில் இதனைக் கூறினால் வைத்தியர் கையால் தொட்டுப் பார்ப்பார்.

சிறிதாயின் ஒன்றும் செய்யாது விட்டுவிடுவார். அந்நீரை உடலே சில வாரங்களில் உறிஞ்சிக்கொள்ளும். "இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிட்டார்" என்று சிலர் மனம் நோகின்றனர். அது தவறு. ஊசி குத்தும் ஒவ்வொரு முறையும் கிருமி உட்செல்லச் சிறிது இடமுண்டு. தேவையில்லாமற் குத்தாமல் விடுவதும் சிகிச்சையே.

வீக்கம் பெரிதாகித் தோலை இழுத்து வருத்துமாயின், தூய ஊசியினால் நீரை வாங்குவார். சத்திரசிகிச்சையின்போது அவ்விடத்து நரம்புகள் சில அறுபட்டுத் தோல் மரத்திருப்பதால், வலி பெரும்பாலும் அற்பமே. சில நிமிடங்களில் முடியும் காரியம் இது. ஒருமுறை வாங்கிய பின் மீண்டும் தேங்கலாம். இரண்டு மூன்று முறை, சிலருக்கு அதற்கும் மேலாக வாங்க நேரலாம். ஒவ்வொரு முறையும் அளவு குறைந்து வருமாயின் நல்லது. வீட்டிலே ஊசி குத்துவதும், அழுத்திப் பிசைவதும், கட்டி என்று எண்ணிப் பற்றுப்போடுவதும் பேராபத்து.

எவை அபாயக் குறிகள்?

சத்திரசிகிச்சை செய்த இடத்திற் கிருமி புகுந்தால், பெரும்பாலும் முதல் மாதத்துக்குள்ளேயே அதன் குறிகள் தோன்றும். அவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தாலும் தகும்.

உடல் வெப்பம் 38 பாகை செல்சியசையோ அதற்கு மேலோ அடைதல். குளிரும் நடுக்கமும். தையலைச் சுற்றிச் சிவந்து, அச்சிவப்பு நாளுக்கு நாள் அகலுதல். நிறம் கறுத்த தோலில் சிவப்பு எளிதிற் புலப்படாது; சூடும் தடிப்பும் பளபளப்புமே அங்கு அடையாளம். குறைந்து வந்த நோவு மீண்டும் கூடுதல். கலங்கிய நீரோ சீழோ துர்நாற்றமோ வெளிப்படுதல். தையல் விட்டுப் பிரிதல்.

இவற்றுள் ஒன்று கண்டாலும், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கலாகாது. அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரி எதுவாயினும், அது பலாங்கொடையாயினும் கரவனெல்லையாயினும், அங்கே உடனே செல்க. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. 1990 என்ற இலக்கத்தைத் தொலைபேசியில் அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். மருந்தேற்றும் சிகிச்சை தொடங்கியவருக்குக் காய்ச்சல் வருமாயின், புண் நன்றாகத் தோன்றினாலும், இரவு என்றும் பகல் என்றும் பாராது அன்றே ஆஸ்பத்திரியை அடைய வேண்டும். அக்காலத்தில் கிருமியை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும். காய்ச்சலை அளந்து பாராமல் பனடோலைக் கொடுத்து அதனை மறைத்துவிடுதலும் நன்றன்று.

கிருமி புகுந்தது தெரியின், வைத்தியர் அதற்குரிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தருவர். சீழ் சேர்ந்திருந்தால் அதனை வெளியேற்றுவர். மருந்தை நாட்கணக்குப் பிசகாமல் முடித்தல் வேண்டும். இரண்டு நாளிற் காய்ச்சல் விட்டது என்று நிறுத்துவதும், மிஞ்சிய மாத்திரையை அடுத்த வீட்டாருக்குக் கொடுப்பதும் கிருமிக்கு வலிமை ஊட்டுவதாகும்.

ஒரு குடும்பத்தில் நிகழ்ந்தது

நான் கற்பிக்கும் உயர்தர வகுப்பிற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவளுடைய தாயாருக்கு மார்பகச் சத்திரசிகிச்சை நடந்தது. குழாய் எடுத்து ஒரு வாரம் சென்றபின் அக்குளில் வீக்கம் கண்டது. "காயத்தில் நீர் கோத்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம்" என்று வயதான பாட்டியார் ஒருவர் கூறினாராம். அச்சொல்லைக் கேட்ட தாயார் அஞ்சி, வீக்கத்தைக் கணவரிடமும் மகளிடமும் மறைத்தார். கிளினிக்குக்குப் போனால் பஸ் கூலியும், கூட வரும் கணவருக்கு ஒரு நாட் 'பேரும்' நட்டம் என்பதும் அவர் மனத்தில் இருந்தது. அதற்கு மேலாக, வீட்டுக் கடனை எண்ணி, அரைப்பேராவது கிடைக்கட்டும் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு பிரட்டுக்கும் போய்விட்டார்.

நான்காம் நாள் இரவு அவருக்கு நடுக்கம் கண்டது. மகள்தான் மார்புத்துணியை விலக்கிப் பார்த்து, அம்புலன்சை அழைத்தாள். சீழை வெளியேற்றிப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தனர். தாயார் தேறினார். ஆனால், தொடங்க வேண்டிய மருந்தேற்றும் சிகிச்சை மூன்று வாரம் பிந்தியது. மிச்சம் பிடிக்க எண்ணிய இரண்டு நாட் கூலிக்காக, குடும்பம் ஒரு மாதக் கூலியை இழந்தது.

"அம்மா எங்களிடம் சொல்லியிருக்கலாமே, சேர்" என்று அம்மாணவி கேட்டபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. சொல்லத்தக்க இடமாக வீட்டை ஆக்கிவைப்பது வீட்டாரின் கடமை. "இப்படி நீர் தேங்குவதுண்டாம், தேங்கினால் சொல்லுங்கள், ஊசியால் எடுத்துவிடுவார்களாம்" என்று முன்கூட்டியே ஒருவர் கூறியிருந்தால், அத்தாய் மறைத்திருக்கமாட்டார்.

லயத்து வீட்டிற் சுத்தம்

ஓர் அறையும் ஒரு குசினியும் உள்ள லயக்காம்பராவில், அடுப்புப் புகையும் இரத்தினபுரி மழையின் ஈரமும் சூழ, புண்ணைத் தூய்மையாக வைத்திருத்தல் எளிதன்று. ஆயினும் இயலாததும் அன்று.

தாயார் படுப்பதற்கு உலர்ந்த ஒரு மூலையை ஒதுக்குக. வெயிலிற் காயவைத்த துணியையே விரிக்கவும் உடுத்தவும் கொடுக்க. மழை நாளில் துணி காயாவிடின், சூடான இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து உலர்த்துக. கட்டை அவிழ்க்கலாம் என்று வைத்தியர் கூறும்வரை புண்ணை நனைக்கலாகாது. பீலியிற் குளித்தலும் ஆற்றில் மூழ்குதலும் புண் முற்றாக ஆறிய பின்னரே. கட்டு ஈரமானால் அன்றே தோட்டத்து டிஸ்பென்சரியிலோ அருகிலுள்ள ஆஸ்பத்திரியிலோ மாற்றிக்கொள்க.

மஞ்சளும் வேப்பிலையும் நம் பண்பாட்டிற் சிறந்த இடம் பெற்றவை. ஆனால், தைத்த புண்ணின்மேல் மஞ்சள், சாம்பல், தேங்காயெண்ணெய், முகப்பவுடர் ஆகியவற்றுள் எதுவும் வேண்டா. ஒத்தடமும் வேண்டா, தோல் மரத்திருப்பதாற் சூடு தெரியாமல் வெந்துபோகும்.

பத்தியம் என்ற பெயரில் முட்டையையும் மீனையும் பருப்பையும் விலக்கி, வெறுஞ் சோறும் இரசமும் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது புண்ணுக்குத் துரோகம். தசை வளரப் புரதம் வேண்டும். மீனும் முட்டையும் உண்பவர் உண்க; மரக்கறி உண்பவருக்குப் பருப்பும், கௌபியும், கடலையும், தயிரும் உண்டு. நீரிழிவு உள்ளவர் மாத்திரையை நிறுத்தாது சீனியைக் கட்டுப்படுத்தல் வேண்டும். இரத்தத்திற் சீனி மிகுந்தால் கிருமி எளிதிற் புகும், புண் ஆறுவதும் பிந்தும். புகைபிடித்தலும் அவ்வாறே புண்ணைப் பிந்தச் செய்வது.

கூடையும் குடமும்

கையை அடியோடு அசைக்காமற் கட்டிவைப்பதும் பிழை. உடனே பாரம் தூக்குவதும் பிழை. அசைக்காவிடில் தோள் இறுகிவிடும். முதல் நாள் தொட்டு விரல்களை மடக்கி விரித்தலும், முழங்கையை மடக்குதலும், தலைவாருதலும் நன்று. கையைத் தோள்மட்டத்துக்கு மேல் உயர்த்தும் பயிற்சியை முதல் ஒரு வாரம் வரையாவது தள்ளிவைத்தால், நீர் கசிவது குறையும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பின்னர் இயன்மருத்துவர் கற்பித்தபடி, நாளொரு விரற்கடையாகச் சுவரில் கையை உயர்த்திப் பழகுக.

பாரத்தைப் பொறுத்தவரை, முதல் நாலு முதல் ஆறு வாரம் வரை நீர் நிறைந்த ஒரு கேத்திலுக்கு மேல் அக்கையால் தூக்கலாகாது என்பது பொதுவான அளவு. அப்படியாயின் தண்ணீர்க் குடமும், விறகுக் கட்டும், மாக்கல்லும் எங்கே? கொழுந்துக் கூடை பதினைந்து இருபது கிலோவைத் தலைக்கயிற்றில் தாங்குவது. இரு கைகளும் இடையறாது செடிமேல் ஓடுவது. இறப்பர் மரத்திற் பால் வெட்டுவோருக்கோ கையை உயர்த்திக் கத்தியை இழுப்பதும், பால் வாளியைச் சுமப்பதும் தொழில். வைத்தியர் 'வேலைக்குப் போகலாம்' என்று கூறுமுன், 'என் வேலை இன்னது' என்று தாயார் அவரிடம் விளக்கிக் கூறுதல் வேண்டும். நகரத்து வைத்தியருக்குக் கூடையின் பாரம் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் தரும் மருத்துவச் சான்றிதழைத் தோட்டக் காரியாலயத்திற் கொடுத்து, பிரதியொன்றை வீட்டில் வைத்துக்கொள்க.

வேலைக்குத் திரும்பிய பின்னரும் அக்கையைக் காத்தல் அவசியம். அக்குட் கணுக்களை எடுத்தவருக்குக் கையில் நிணநீர் தங்கி, மாதங்கள் பல கழிந்தும் கை வீங்கக்கூடும். இது மார்பிற் சில வாரங்கள் தேங்கும் நீரினின்றும் வேறானது. தேயிலைக் குச்சியின் கீறலும், அட்டைக் கடியும், கத்திக் காயமும் அக்கையிற் கிருமி புக வழியாகும். நீண்ட கைச்சட்டை அணிக. கீறல் பட்டவுடன் சவர்க்காரமிட்டுக் கழுவுக. கை சிவந்து சூடேறினால் அன்றே வைத்தியரைக் காண்க.

நாணமும் மொழியும், மாணவர் கடமையும்

மார்பைப் பற்றிப் பேச நம் பெண்கள் நாணுகின்றனர். ஆண் வைத்தியரிடம் கூறத் தயங்குகின்றனர். கூடவே ஒரு பெண் தாதி இருக்கவேண்டும் என்று கேட்பதிற் குற்றமில்லை. சப்ரகமுவத் தோட்டத்து மக்களிற் பலர் சிங்களம் பேச வல்லவர்களே. ஆயினும், நோயும் அச்சமும் சேர்ந்தபோது அறிந்த மொழியும் மறந்துபோகும். 'உண' என்றால் காய்ச்சல், 'துவாலய' என்றால் புண், 'இதிமிலா' என்றால் வீங்கியிருக்கிறது, 'சரவ' என்றால் சீழ். இந்நான்கு சொற்களை நினைவில் வைத்திருத்தல் நன்று.

மாணவர்களே, உங்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது கொடுக்கும் அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். அதனைப் படித்து, எந்த மருந்து எத்தனை நாள், அடுத்த கிளினிக் எந்நாள் என்று தமிழில் எழுதி அம்மாவிடம் கொடுப்பது உங்கள் கடமை. விளங்காத சொல்லை ஊகியாமல், ஆசிரியரிடமோ தாதியிடமோ கேளுங்கள். ஒரு கொப்பியில் நாள், போத்தலில் வடிந்த அளவு, நீரின் நிறம், உடல் வெப்பம், புண்ணின் தோற்றம் ஆகிய ஐந்தையும் நாள்தோறும் குறித்துவாருங்கள். அக்கொப்பியைக் கண்ட வைத்தியர் பத்துக் கேள்வி கேட்டு அறியவேண்டியதை ஒரே பார்வையில் அறிந்துகொள்வார். ஆண் பிள்ளைகள் தண்ணீர்க் குடத்தையும் விறகையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அது தங்கையின் வேலை என்று எண்ணவேண்டா.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. மார்பகத்தை இழந்த பெண் கண்ணாடியைப் பார்க்க அஞ்சுகின்றாள். உம்முடைய முகத்தையும் பார்க்க அஞ்சுகின்றாள். கட்டு மாற்றும்போது நீர் முகஞ்சுளிக்காது அருகிலிருந்தால், வீக்கம் கண்ட அன்றே அவள் உம்மிடம் கூறுவாள்.

முப்பத்தைந்து வயதைக் கடந்த தாய்மாருக்காக, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் 'சுவநாரி' கிளினிக்குகள் 1996ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றன. அங்கே மார்பையும் பரிசோதிக்கின்றனர். கட்டியைச் சிறிதாயிருக்கும்போதே கண்டுகொண்டால், சத்திரசிகிச்சையும் சிறிதாக அமைய இடமுண்டு; நீர் தேங்கும் தொல்லையும் அதற்கேற்பக் குறையும்.

புண் ஆறுவதற்குக் காலம் வேண்டும். அக்காலத்தைத் தாய்க்குக் கொடுக்க வேண்டியவர்கள் வீட்டிலுள்ளோரே. இவ்வளவு காலம் அவள் சுமந்த கூடையை ஆறு வாரம் மற்றவர்கள் பங்கிட்டுச் சுமந்தால், அவள் பல்லாண்டு நம்மோடு வாழ்வதற்கு அது பேருதவியாகும்.